பழைய கைக்கணினியில் மெமரியும் கார்டும்: பாம், பாக்கெட் பிசி வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து, மேசை இழுப்பறையில் கிடந்த என் கைக்கணினியை எடுத்துப் பவர் பொத்தானை அழுத்தினேன். உயிர் இல்லை. சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி அழுத்தினேன். திரையின் மூலையில் ஒரு சின்னக் கூட்டல் குறி வந்தது. அதன் நடுவில் ஸ்டைலஸால் தொடச் சொன்னது. தொட்டால் எதிர் மூலையில் இன்னொன்று. பெட்டியிலிருந்து முதன்முதலாக எடுத்த அன்று கேட்ட அதே கேள்வி. அதைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. முந்நூறு சொச்சம் தொலைபேசி எண்கள், இரண்டு வருடக் குறிப்புகள், அப்பாவின் மருந்துப் பட்டியல், ஒன்றும் மிச்சமில்லை. பக்கவாட்டில் ஒரு மெமரி கார்டு செருகியபடியே இருந்தது. 64 எம்பி, முக்கால்வாசி காலி. அதில் ஒரு நகல் எடுத்துப் போட இரண்டு நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

பாம் டிஎக்ஸ், ட்ரியோ, டங்ஸ்டன், ஐபேக், டெல் ஆக்சிம் என்று இந்தக் கருவிகளில் ஏதாவது ஒன்றை இன்னும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் மூன்றும் பாம் நிறுவனத்தவை. மற்ற இரண்டும் மைக்ரோசாஃப்டின் விண்டோஸில் ஓடும் பாக்கெட் பிசிகள். சிலர் ஆசைக்குப் பயன்படுத்துகிறார்கள். சிலருக்கு உள்ளே இருக்கும் பழைய குறிப்புகளை வெளியே எடுத்தால் போதும். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான்: எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, அப்புறம் அதை இடம் மாற்றுவது.

முதல் படி: உங்கள் கருவி எந்த வகை?

1996-இல் வந்த முதல் பாம் பைலட் 1000-இல் மொத்த மெமரியே 128 கேபிதான். அதில் ரேம் என்றும் சேமிப்பு என்றும் தனித்தனி இடம் கிடையாது. நிரல் ஓடுவதும் ரேமில், உங்கள் குறிப்பு இருப்பதும் ரேமில். அதனால்தான் அந்தக் கருவிகளில் 'சேவ்' என்ற பொத்தானே இல்லை. எழுதினால் எழுதிய இடத்திலேயே இருக்கும். மின்சாரம் இருக்கும்வரை இருக்கும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். பேட்டரி அடியோடு இறங்கினால் எல்லாம் அழிந்துவிடும்.

2004-இல் டங்ஸ்டன் டி5, ட்ரியோ 650 இரண்டும் வந்தபோது பாம் இதை மாற்றியது. தகவலைப் பிளாஷ் மெமரியில் எழுத ஆரம்பித்தார்கள். பேட்டரி செத்தாலும் பிளாஷில் எழுதியது அப்படியே இருக்கும். டங்ஸ்டன் இ2, டிஎக்ஸ், லைஃப்டிரைவ், இசட்22, பின்னால் வந்த ட்ரியோ 680, சென்ட்ரோ எல்லாம் இந்த வகை. டி5-க்கு முந்திய எம்500, எம்515, டங்ஸ்டன் டி3 போன்றவை ரேம் வகை.

பாக்கெட் பிசியில் இந்த மாற்றம் 2005-இல் விண்டோஸ் மொபைல் 5.0 வந்தபோது நடந்தது. உங்களுடையது எது என்று பார்க்க செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட். பதிப்பு எண் 4.20 அல்லது 4.21 என்றிருந்தால் அது 2003 காலத்து ரேம் வகை. 5.1 அல்லது அதற்கு மேல் என்றால் பிளாஷ்.

உங்களுடையது ரேம் வகை, பல வருடமாக இழுப்பறையில் கிடந்தது என்றால், உள்ளே எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். பிளாஷ் வகையென்றால் நல்ல நம்பிக்கை உண்டு. சார்ஜரில் போடும் முன் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மூடி லேசாக மேடுதட்டி, பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டாம். புது பேட்டரி மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டாம் படி: சரியான கார்டைத் தேடுவது

கார்டு இல்லாமல் இன்றைக்கு இந்த வேலை நடக்காது. அந்தக் காலத்தில் ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தினால் கணினிக்கு எல்லாம் போய்விடும். இப்போதைய 64 பிட் விண்டோஸில் பாமின் பழைய யுஎஸ்பி டிரைவர் வேலை செய்யாது. லினக்ஸ் தெரிந்தவர்கள் ஜே-பைலட் என்ற நிரல் வழியாகச் செய்கிறார்கள். மற்றவர்களுக்குக் கார்டுதான் வாசல்.

ஆனால் கடையில் இப்போது கிடைக்கும் 32 ஜிபி கார்டை வாங்கிச் செருகினால் பெரும்பாலான கருவிகள் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. கார்டு கச்சிதமாக உள்ளே போகும், ஏனென்றால் அளவும் வடிவமும் ஒன்றுதான். உள்ளே முகவரி சொல்லும் முறை வேறு. பழைய எஸ்டி கார்டில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு எண். 2006-இல் வந்த எஸ்டிஹெச்சி கார்டில் 512 பைட் கொண்ட கட்டத்துக்கு ஒரு எண். பழைய கருவி பத்தாவது வீட்டைத் தேடினால் புதிய கார்டு அதைப் பத்தாவது தெரு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் உங்களுக்கு வேண்டியது 2 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த, மேலே ஹெச்சி என்ற எழுத்து இல்லாத சாதாரண எஸ்டி கார்டு. 2 ஜிபி கார்டைக்கூட மிகப் பழைய கருவிகள் சில ஏற்காது. என்னைக் கேட்டால் 1 ஜிபி அல்லது 512 எம்பிதான் நிம்மதி. பழைய கேமரா வைத்திருந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள், எங்காவது ஒன்று கிடக்கும். அடாப்டரில் போட்ட மைக்ரோ எஸ்டியும் தாராளமாக ஓடும், 2 ஜிபிக்குள் இருந்தால். சோனி கிளியே வைத்திருந்தால் மெமரி ஸ்டிக்கும், சில பாக்கெட் பிசிகளுக்குக் காம்பேக்ட் பிளாஷும் தேட வேண்டியிருக்கும்.

வாங்கியதும் சோதியுங்கள். '2 ஜிபி' என்று அச்சிட்ட ஒரு கார்டை ஒரு கடையில் வாங்கினேன். பைல்கள் எல்லாம் ஏறின, பட்டியலிலும் தெரிந்தன. திறந்தால் பாதிக்கு மேல் குப்பை. உள்ளே இருந்தது 512 எம்பி சிப், 2 ஜிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருந்தார்கள். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து, ஒத்துப்போகிறதா என்று சொல்லும். லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 அதே வேலையைச் செய்யும். நேரம் ஆகும், பரவாயில்லை. இந்தச் சோதனையில் தேறாத கார்டில் உங்கள் குறிப்புகளை வைக்காதீர்கள்.

அடுத்தது ஃபார்மேட். பாமில் 'கார்டு இன்ஃபோ' என்ற நிரலைத் திறந்து மெனுவில் ஃபார்மேட் கார்டு கொடுங்கள், முடிந்தது. பாக்கெட் பிசியில் இந்த வசதி பொதுவாக உள்ளேயே வராது. கணினியில் கார்டு ரீடரில் போட்டு, ஃபேட் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ஃபேட்டும் என்டிஎஃப்எஸ்ஸும் கூடாது.

ஃபார்மேட் செய்த 2 ஜிபி கார்டைப் பற்றி இரண்டு விஷயம். ஃபேட்16 அமைப்பில், அதாவது மேலே சொன்ன ஃபேட் வகையில், அதன் மிகச் சிறிய கட்டம் 32 கேபி. ஒரு கேபி குறிப்பு ஒன்றை வைத்தாலும் 32 கேபி இடம் பிடிக்கும். அப்படி ஆயிரம் குட்டிப் பைல்கள் வைத்தால் உள்ளடக்கம் ஒரு எம்பிதான், கார்டில் போகும் இடமோ 31 எம்பிக்கு மேல். இரண்டாவது, கார்டின் வெளி அடுக்கில், அதாவது எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல், 512 பதிவுகளுக்குத்தான் இடம். நீளமான பெயர் வைத்த பைல் ஒன்றே இரண்டு மூன்று பதிவைத் தின்னும். நண்பர் ஒருவர் தன் பெண்ணின் குழந்தைப் பருவப் படங்களை எல்லாம் அப்படியே கார்டில் கொட்டியிருந்தார். பாதி கார்டு காலியாக இருக்கும்போதே இடமில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. ஃபோல்டர் போட்டு உள்ளே தள்ளியதும் எல்லாம் ஏறியது.

பைல்களுக்கு ஆங்கில எழுத்தில், சின்னதாகப் பெயர் வையுங்கள். பாமுக்கு யூனிகோடு தெரியாது, தமிழ்ப் பெயர் வைத்த பைலைத் திறக்கவே முரண்டு பிடிக்கும். பாக்கெட் பிசிக்கு யூனிகோடு தெரியும், ஆனால் தமிழ் எழுத்துரு இல்லாததால் வெறும் கட்டங்களாகக் காட்டும்.

மூன்றாம் படி: எதையும் தொடும் முன் நகல்

இடம் காலி செய்வது, ரீசெட் செய்வது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பாமில் இப்படிச் செய்யுங்கள். ஃபைல்இசட் என்ற இலவச நிரலைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். கார்டை ரீடரில் போட்டு, பாம் என்ற ஃபோல்டரும் அதற்குள் லாஞ்சர் என்ற ஃபோல்டரும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீங்களே உருவாக்குங்கள். நிரலின் பிஆர்சி பைலை (பெயர் .prc என்று முடியும்) அந்த லாஞ்சர் ஃபோல்டருக்குள் போடுங்கள். கார்டைக் கருவியில் செருகுங்கள். முகப்புத் திரையின் வலது மேல் மூலையில் 'ஆல்' என்று ஒரு கீழிறங்கும் பட்டியல் இருக்கும். அதைத் தொட்டால் கடைசியில் கார்டின் பெயர் புதிதாக முளைத்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் போட்ட நிரல் அங்கே நிற்கும். கேபிளும் இல்லாமல், ஹாட்சிங்கும் இல்லாமல் ஒரு நிரலை உள்ளே கொண்டுபோயாகிவிட்டது.

ஃபைல்இசட்டைத் திறந்தால் உள் மெமரியில் இருக்கும் ஒவ்வொரு தரவுத்தளமும் வரிசையாகத் தெரியும். உங்களுக்கு முக்கியம் நான்கு: முகவரிகள், நாட்காட்டி, மெமோ, செய்ய வேண்டியவை. பழைய மாடல்களில் இவற்றின் பெயர் அட்ரஸ்டிபி, டேட்புக்டிபி, மெமோடிபி, டுடூடிபி. பிந்தைய மாடல்களில் கான்டாக்ட்ஸ், காலண்டர், மெமோஸ், டாஸ்க்ஸ் என்று ஆரம்பிக்கும். நான்கையும் தேர்ந்தெடுத்துக் கார்டுக்குக் காப்பி செய்யுங்கள். மூவ் கொடுத்துவிடாதீர்கள். முழுக் கருவியையும் ஒரே தட்டில் நகலெடுக்க என்விபேக்கப் என்று இன்னொரு இலவச நிரல் இருக்கிறது, டிஎக்ஸ் போன்றவற்றுக்கு அது வசதி.

பாக்கெட் பிசியில் மை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் குறிப்புகள், வேர்ட் பைல்கள், படங்களை ஃபைல் எக்ஸ்புளோரரில் அழுத்திப் பிடித்துக் காப்பி கொடுத்து, ஸ்டோரேஜ் கார்டு என்ற ஃபோல்டருக்குள் போய் பேஸ்ட் செய்தால் போதும். தொடர்புகளும் நாட்காட்டியும் அப்படி வராது. பிளாஷ் வகைக் கருவிகளில் அவை பிம்.வால் என்ற ஒரே பைலில் இருக்கின்றன, கருவி ஓடும்போது அந்தப் பைல் பூட்டியபடியே இருக்கும். பல ஐபேக் மாடல்களில் ஐபேக் பேக்கப் என்ற நிரல் உள்ளேயே வரும், அதைக் கார்டுக்கு எழுதச் சொல்லுங்கள். அது இல்லாதவர்கள் முக்கியமான எண்களை மட்டும் ஒவ்வொன்றாக புளூடூத் வழியே அனுப்பிக்கொள்ளலாம். அலுப்பான வேலைதான், ஆனால் முடியும்.

கார்டில் ஏறியதும் வேலை முடியவில்லை. கார்டைக் கணினியில் போட்டு அந்தப் பைல்களை அங்கேயும் ஒரு ஃபோல்டரில் இறக்கி, அளவு பூஜ்யம் இல்லை என்று பாருங்கள்.

நான்காம் படி: பாமில் இடம் காலி செய்வது

முகப்புத் திரையில் மெனு, ஆப், இன்ஃபோ. கீழே 'சைஸ்' என்பதைத் தொட்டால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். அகராதிகள், மின்னூல்கள், விளையாட்டுகள், படங்கள் இவைதான் எப்போதும் மேலே நிற்கும். இவற்றைக் கார்டுக்கு அனுப்பலாம்.

உள்ளேயே இருக்க வேண்டியவை வேறு. அலாரம் அடிக்கும் எதுவும், கடவுச்சொல் பூட்டு, எழுத்துள்ளீடு, முகப்புத் திரையை மாற்றும் நிரல்கள். காரணம் எளிது. கருவி தூங்கும்போது கார்டுக்கு மின்சாரம் நின்றுவிடும். காலை ஆறு மணி அலாரத்துக்குக் கருவி விழிக்கும்போது கார்டு விழிக்கச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் நிரலைத் தேடிப் பார்த்து, காணோம் என்று சில சமயம் கருவி தானே ரீசெட் ஆகிவிடும்.

இப்போது ஒரு எச்சரிக்கை, இதில் பலர் அடிபட்டிருக்கிறார்கள். மெனுவில் காப்பி கொடுத்தால் நிரல் மட்டும்தான் கார்டுக்குப் போகும், அதன் தரவு உள்ளேயே நிற்கும். பிறகு உள்ளே இருக்கும் நிரலை டெலீட் செய்தால், அந்த நிரலின் அடையாளக் குறியைத் தாங்கிய எல்லாத் தரவுத்தளங்களையும் பாம் சேர்த்தே அழித்துவிடும். செலவுக் கணக்கு எழுதும் நிரலைக் கார்டுக்கு மாற்றுகிறேன் என்று நினைத்து மூன்று வருடக் கணக்கையும் அழித்துவிட முடியும். அதனால் நிரலை நகர்த்தும் முன் அதன் தரவை ஃபைல்இசட் வழியாகக் கார்டுக்குக் காப்பி செய்யுங்கள், நிரலை அழித்த பின் தரவைத் திரும்ப உள்ளே கொண்டுவாருங்கள்.

கார்டிலிருந்து ஒரு நிரலைத் திறக்கும்போது பாம் அதை முதலில் உள் மெமரிக்கு நகலெடுத்து, ஓட்டி, மூடியதும் அழிக்கும். ஆக, கார்டில் நீங்கள் வைத்திருக்கும் மிகப் பெரிய நிரலுக்கு வேண்டிய இடமாவது உள்ளே எப்போதும் காலியாக இருக்கட்டும். 'இடம் போதவில்லை' என்ற செய்தி கார்டு காலியாக இருக்கும்போதும் வருவது இதனால்தான்.

ட்ரியோ 650 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அது வந்தபோது ஒவ்வொரு பதிவும் குறைந்தது 512 பைட் இடம் பிடித்தது. பழைய கருவியில் அடங்கிய தொடர்புகள் புதியதில் அடங்கவில்லை. பயனர்கள் கொதித்ததில் பாம்ஒன் நிறுவனம் (பாமுக்கு அப்போதைய பெயர்) 128 எம்பி கார்டை இலவசமாகக் கொடுத்தது, பின்னர் மென்பொருளையும் திருத்தியது. உங்கள் கருவியில் அந்தத் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏற்றினால் இடம் நன்றாகவே மிஞ்சும்.

இன்னும் ஹாட்சிங்க் செய்ய முடிகிறவர்களுக்கு: முழு ரீசெட் செய்து, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, சுத்தமாக ஆரம்பித்தும் பழைய குப்பை திரும்பத் திரும்ப வந்தால், கணினியில் உங்கள் பெயரிலுள்ள பேக்கப் ஃபோல்டர்தான் அதை அனுப்புகிறது. என்றோ நீக்கிய நிரல்களின் எச்சங்கள் எல்லாம் அதில் இருக்கும். அடுத்த சிங்க்குக்கு முன் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிடுங்கள். தேவையானதை மட்டும் பின்னால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: பாக்கெட் பிசியில் மெமரி

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது மேலே வலது மூலையில் இருக்கும் எக்ஸ் குறி. அதைத் தொட்டால் நிரல் மூடாது, பின்னால் ஒளிந்துகொள்ளும், ரேமையும் விடாது. செட்டிங்ஸ், சிஸ்டம், மெமரி, ரன்னிங் புரோகிராம்ஸ் என்று போனால் காலையிலிருந்து நீங்கள் 'மூடிய' பத்துப் பன்னிரண்டு நிரல்கள் அங்கே உட்கார்ந்திருக்கும். ஸ்டாப் ஆல் கொடுத்ததும் கருவி சுறுசுறுப்பாவது கண்ணுக்கே தெரியும்.

ரேம் மிச்சமிருந்தும் நிரல் திறக்க மறுத்தால் அது வேறு கணக்கு. விண்டோஸ் மொபைல் 6.5 வரைக்கும் அடியில் இருந்தது விண்டோஸ் சிஇ 5 தலைமுறை. அதில் ஒரே நேரத்தில் 32 புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) மட்டும்தான், ஒவ்வொன்றும் தொடக்கூடிய மெமரி எல்லையான முகவரி இடம் 32 எம்பிதான். இதற்குக் கார்டு வாங்கிப் பயனில்லை. தானாகத் தொடங்கும் நிரல்களைக் குறைப்பதும், அவ்வப்போது சாஃப்ட் ரீசெட், அதாவது தகவல் அழியாத மறுதொடக்கம், செய்வதும்தான் வழி.

2003 வகைக் கருவிகளில் மெமரித் திரையில் ஒரு நகர்த்துப் பட்டி இருக்கும். ஒரு பக்கம் சேமிப்பு, மறு பக்கம் நிரல். ஒரே ரேமை இரண்டுக்கும் பங்கு பிரிக்கிறீர்கள். பெரும்பாலானவற்றைக் கார்டுக்கு மாற்றிவிட்டால் பட்டியை நிரல் பக்கத்துக்குத் தாராளமாகத் தள்ளலாம்.

நிரல் நிறுவும்போது கருவியிலா கார்டிலா என்று கேட்கும். டுடே என்ற முகப்புத் திரையில் தெரியும் எதையும் கருவியிலேயே நிறுவுங்கள், மேலே சொன்ன தூக்கக் காரணம் இங்கேயும் பொருந்தும். மின்னஞ்சல் இணைப்புகளைக் கார்டுக்கு அனுப்ப மெசேஜிங்கின் ஆப்ஷன்ஸில் ஸ்டோரேஜ் தாவலில் ஒரு டிக் போதும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் மெமரி தாவலில் டிலீட் ஃபைல்ஸ் கொடுத்தால் தற்காலிகக் குப்பை போகும்.

யாரோ கொடுத்த கார்டைச் செருகியதும் ஏதோ ஒரு நிரல் தானாக ஓடுகிறதா? கார்டில் 2577 என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். அதற்குள் ஆட்டோரன் என்ற பைல் இருந்தால் பாக்கெட் பிசி கேட்காமலே ஓட்டும். கணினியில் வைத்து அதை நீக்கிவிடுங்கள்.

ஆறாம் படி: கார்டு கெட்டுப்போனால்

எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கினாலோ, பேட்டரி நின்றாலோ, எந்தப் பைல் எங்கே என்று குறித்து வைத்திருக்கும் அட்டவணை பாதியில் அறுந்துவிடும். பைல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், வழி மட்டும் தெரியாது. அந்த நேரத்தில் கணினியோ கருவியோ 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கார்டை எடுத்து, இடப்பக்கம் இருக்கும் குட்டித் தாழ்ப்பாளைக் கீழே தள்ளிப் பூட்டுங்கள். தங்க நிறப் பட்டைகளை மெல்லிய துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், சில சமயம் அதுவே போதும். பிறகு கார்டு ரீடரில் போட்டு போட்டோரெக் என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். அது அட்டவணையைப் பார்க்காமல் கார்டை முதலிலிருந்து கடைசிவரை படித்து, படங்களையும் ஆவணங்களையும் அவற்றின் தலைப்பகுதியை வைத்து அடையாளம் காணும். மீட்டதை அதே கார்டில் எழுதாமல் கணினியில் வையுங்கள். பைல் பெயர்கள் திரும்ப வராது, படங்கள் வரும். எல்லாம் எடுத்த பிறகு தாழ்ப்பாளைத் திறந்து, ஃபார்மேட் செய்து, மறுபடி ஹெச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டிப் பாருங்கள். தேறினால் வைத்துக்கொள்ளலாம்.

கருவியைச் சில மாதங்களுக்கு எடுத்து வைக்கப் போகிறீர்கள் என்றால், பேட்டரியைப் பாதி அளவில் விட்டு, கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன்மேல் நகல் எடுத்த தேதியையும் எந்தக் கருவியில் எடுத்தது என்பதையும் பேனாவால் எழுதுங்கள். ரேம் வகையாக இருந்தால் கருவி ஓர் இடத்திலும் கார்டு இன்னோர் இடத்திலும் இருக்கட்டும்.